பதினோரு வருடமாக அச்சில்

ஆகஸ்ட் 3

நாட்குறிப்பு எழுதினால் கை பழகும், கை பழகினால் நாவல் நகரும் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறேன். ஊருக்குச் சொன்னதை நானும் ஒருமுறை செய்து பார்க்கலாம் என்று இன்று தொடங்குகிறேன்.

காரணம் பால்துரை. என்னுடைய நான்கு சிறுகதைத் தொகுப்புகளையும் ஒரே ஒரு நாவலையும் போட்ட பதிப்பாளர். காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஃபோன் செய்தார்.

"அக்கா, நம்ம புத்தகம் எல்லாத்துக்கும் கடைசிப் பக்கத்துல ஒரு வரி போடுதோம்லா? 'சங்கரவடிவு எழுதிய ஆரத்தி, நாவல், அச்சில்'னு. பதினோரு வருஷமாப் போடுதோம். போன வாரம் ஒரு ஆளு கடைக்கு வந்து, அச்சு மெஷினு ரிப்பேரான்னு கேக்கான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வர்ற ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு நாவல் வரலைன்னா அந்த வரிய எடுத்திருதேன்க்கா. கோவிச்சுக்கிடாதீங்க."

கோபம் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். தோசை கருகிவிட்டது. கோபம் இல்லைதான், பயமாக இருக்கிறது. அந்த ஒரு வரி இருக்கும்வரை நான் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர். அது போய்விட்டால் எழுதியிருந்த எழுத்தாளர்.

பத்து மணிக்கு மேசைக்குப் போனேன். மேசையில் தூசி. தூசியைத் துடைக்கும்போது ஜன்னல் கண்ணில் பட்டது. மதியம் வரை ஜன்னல்.

ஆகஸ்ட் 6

'ஆரத்தி' பற்றி இங்கே எழுதி வைக்கிறேன், தெளிவு பிறக்கும்.

பூரணம் என்று ஒரு தாய். மகள் கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஓடுகிறாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு கடைசிப் பந்தியில் போய் உட்காருகிறாள். பரிமாறுகிற ஆள் வெளியூர், அவளை யாரென்று தெரியாது. "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்கிறான். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் "மாப்பிள்ளை வீடு" என்கிறாள். உடனே உடையாத அப்பளம் வருகிறது. பாயசம் இரண்டு தடவை வருகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளை ஒருவர் உபசரிக்கிறார்.

இந்தக் காட்சியைச் சொன்ன இடமெல்லாம் கைதட்டல்தான். தூத்துக்குடியில் ஒருவர் எழுந்து நின்று தட்டினார். இந்தக் காட்சிக்காகத்தான் நாவலே. முதல் மூன்று அத்தியாயம் இருக்கிறது. இந்தக் காட்சி மனதில் இருக்கிறது. நடுவில் கொஞ்சம்தான் இல்லை.

இவர் ஹாலில் இருந்து, "நடுவுல எவ்வளவு இல்லை?" என்று கேட்டார். நான் எழுதும்போது வாய்விட்டுப் படிக்கிறேன் போலிருக்கிறது.

"ஒரு இருபது அத்தியாயம்" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். என் கணவர் சிதம்பரநாதன் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு முனையையும் மறு முனையையும் வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்.

ஆகஸ்ட் 9

மாலையில் வாசலில் ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பை, அதற்குள் இன்னொரு பை.

"நான் ஆவுடைச்செல்வி. கணக்கு டீச்சர். பால்துரை அண்ணாச்சி சொல்லியிருப்பாங்க."

பால்துரை சொல்லவில்லை. சொன்னால் நான் வேண்டாம் என்பேன் என்று தெரிந்து நேரே அனுப்பிவிட்டார். பைக்குள் இருந்த பையில் முந்திரிக்கொத்து. வெளிப்பையில் தட்டச்சு செய்த தாள் கட்டு, 'பந்தக்கால்' என்று தலைப்பு. அவருடைய முதல் நாவல். அதற்கு நான் அணிந்துரை எழுத வேண்டும்.

"உங்க கதை எல்லாம் படிச்சிருக்கேன்க்கா. அந்த மாமியார் கதையில மாமியாருக்கு நீங்க பேரே வைக்கலை. ஏன்னு மூணு நாளு யோசிச்சேன். அப்புறந்தான் புரிஞ்சுது, அவளுக்குன்னு அந்த வீட்டுல ஒண்ணுமே கிடையாது, பேரு மட்டும் எதுக்குன்னு."

பெயர் வைக்க மறந்துபோனதுதான் உண்மை. "கரெக்டாப் பிடிச்சிட்டீங்களே" என்றேன்.

"எட்டு வருஷமா எழுதினேன்க்கா. வீட்டுல யாரும் படிக்கலை. நீங்கதான் முதல் ஆளு" என்று கட்டை இரண்டு கையாலும் கொடுத்தார்.

முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுதுவேன், அது என் கொள்கை என்று சொல்லி அனுப்பினேன். முந்திரிக்கொத்து அபாரம்.

ஆகஸ்ட் 10

'பந்தக்கால்' முதல் அத்தியாயம் படித்தேன். தாய், மகள், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நன்றாக இருக்கிறது. கொள்கையை நாளை தொடரலாம்.

ஆகஸ்ட் 13

கரூரில் இருந்து ஒரு வாசகர் அழைத்தார். முக்கால் மணி நேரம். என் கதை ஒன்று அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டதாம். குடியை விட்டுவிட்டாராம், மனைவி திரும்பி வந்துவிட்டாராம். எந்தக் கதை என்று கேட்டேன். சொன்னார். அது நான் எழுதியதில்லை. அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல், "நல்லா இருங்க தம்பி" என்று ஆசீர்வதித்துவிட்டு வைத்தேன்.

நாள் முழுவதும் மனது லேசாக இருந்தது. யார் எழுதினால் என்ன. ஆனாலும் அதை நான் எழுதியிருக்கலாம்.

ஆகஸ்ட் 17

தலைவலி. மல்லி வறுத்து மெஷினுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஆகஸ்ட் 20

நூலக வாசகர் வட்டத்தில் பேச்சு. இன்னொரு சால்வை. எங்கள் வீட்டில் இப்போது மிக்சிக்கு ஒரு சால்வை, தையல் மெஷினுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று. போன மழைக்கு இவர் ஸ்கூட்டர் சீட்டுக்கும் ஒன்றைப் போர்த்திவிட்டார். அது எனக்கு விருது கொடுத்தபோது போட்டது என்றேன். "வண்டியும் நெறைய ஒழைச்சிருக்குல்லா" என்றார்.

கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண், "ஆரத்தி எப்ப வரும் மேடம்?" என்று கேட்டாள். அச்சில் இருப்பதாகச் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் 24

காலையில் பால்துரை. "அக்கா, டீச்சர் புத்தகத்துக்கு அணிந்துரை சாயங்காலத்துக்குள்ள வேணும். அட்டை எல்லாம் ரெடி."

டீச்சரின் தாள் கட்டில் இன்னும் பாதிக்குமேல் படிக்க வேண்டியிருந்தது. சரியாகச் சொன்னால் பாதிக்கும் நிறையவே மேல். நடுவில் ஒரு பக்கம் புரட்டினேன், மண்டபம் பார்க்கப் போகிறார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்? முப்பது வருடமாக எழுதுகிறவளுக்கு ஒரு பருக்கை போதும்.

உட்கார்ந்தேன். என்ன சரளம்! ஒரே மூச்சில் மூன்று பக்கம். சொந்த நாவலுக்கு வராத சொற்கள் எல்லாம் வரிசையில் நின்றன. குறிப்பாக இந்தப் பத்தி எனக்கே பிடித்துப்போனதால் இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்:

"இந்நாவலின் உச்சம் கடைசிப் பந்திக் காட்சி. மகளின் திருமணத்தில் எல்லோருக்கும் பரிமாறி முடித்த தாய், கடைசி இலையில் வந்து அமர்கிறாள். 'பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?' என்று கேட்கிறார் பரிமாறுபவர். அவள் சொல்லும் பதில் ஒரே ஒரு சொல். அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சொல் என்ன என்பதை இங்கே சொல்லி வாசகரின் அனுபவத்தைக் கெடுக்க மாட்டேன்."

அனுப்பிவிட்டேன். ராத்திரி உப்புமா போதும் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். எழுதிய களைப்பு.

ஆகஸ்ட் 26

மதியம் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் ஈஸிசேரில் இருந்து பேச்சுக் கொடுத்தார்.

"வடிவு, அந்த டீச்சரு நல்லாத்தான் எழுதியிருக்கு."

"நீங்க எப்பப் படிச்சீங்க?"

"டிவி ரிப்பேருல்லா. பொழுது போகணுமே. அந்தக் கல்யாணம் நின்னு போற எடத்துல எனக்கு நெஞ்சைப் புடிச்சிட்டு."

"எந்தக் கல்யாணம்?"

"அதுல ஒரே ஒரு கல்யாணந்தான இருக்கு. தாலி கட்டுததுக்கு முந்தியே மாப்பிள்ளை வீட்டுக்காரன் எல்லாம் வேன்ல ஏறிப் போயிருதான்லா. வேன் தெரு முக்குல திரும்புது. அதோட கதை முடிஞ்சு போச்சு."

கத்தி கையிலேயே நின்றது.

"பந்தி?"

"என்ன பந்தி?"

"கடைசிப் பந்திங்க. எல்லாரும் சாப்பிட்ட பிறகு அம்மா வந்து உக்காருவாள்லா? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடான்னு..."

இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது ஒன் கதைல்லா வடிவு."

ஆகஸ்ட் 27

விடிந்ததும் பால்துரையை அழைத்தேன். அணிந்துரையில் ஒரு சின்னத் திருத்தம் என்றேன்.

"திருத்தமா? அன்னைக்கே டீச்சருக்கு அனுப்பிட்டேனேக்கா. எனக்கே கண்ணு கலங்கிட்டு. அந்தப் பந்திக் காட்சிக்காகவே புத்தகத்தைப் படிக்கணும்னு இருக்கேன்."

பதிப்பாளரும் படிக்கவில்லை என்று தெரிந்ததில் ஒரு நிமிடம் ஆறுதல். ஒரு நிமிடம்தான்.

ஆகஸ்ட் 30

டீச்சரிடம் இருந்து ஃபோன் இல்லை. மாமியாருக்குப் பேர் இல்லாததையே மூன்று நாள் யோசித்த ஆள். பாளையங்கோட்டையில் எத்தனை டீச்சர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை மதிய இடைவேளை இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 1

ஃபோன் இல்லை. அவர் கொடுத்த டப்பாவைக் கழுவி வைத்தேன்.

செப்டம்பர் 4

அழைத்துவிட்டார். குரல் கம்மியிருந்தது.

"அக்கா, அணிந்துரை படிச்சேன். ரெண்டு நாள் அழுதேன்."

என் கதைக்கு அழுதவர்கள் உண்டு. அணிந்துரைக்கு அழுதவர் இவர்தான். ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஆனா அந்தப் பந்திக் காட்சி என் கதையில இல்லைல்லாக்கா?"

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனுஷி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். என் வாயில் இருந்து வந்தது இது:

"இல்லைதான். ஆனா இருக்கணும்லாம்மா? அதை நேரா குறையாச் சொன்னா உனக்கு மனசு கஷ்டப்படும். அதான் இருக்குத மாதிரிச் சொன்னேன்."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடிப்பது கேட்டது.

"அப்படியாக்கா" என்றார். பிறகு, "சரி, எழுதிருதேன். அண்ணாச்சிக்கிட்ட ஒரு மாசம் கேட்டுருக்கேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ என்ன பதில் சொல்லுவா? நீங்க யோசிக்காமலா எழுதியிருப்பீங்க?"

நாக்கு நுனியில் இருந்தது. மாப்பிள்ளை வீடு. பதினோரு வருடமாக நான் பொத்தி வைத்திருப்பது. எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை.

"அதை நீதாம்மா கண்டுபிடிக்கணும். அதுதான எழுத்து" என்றேன்.

"சரிக்கா" என்று வைத்துவிட்டார். பேசும்போது எப்போது 'நீங்க'வில் இருந்து 'நீ'க்கு இறங்கினேன் என்று தெரியவில்லை. பொய் சொல்லும்போது உரிமை வந்துவிடுகிறது.

செப்டம்பர் 5

கோபம் கோபமாக வருகிறது. என் காட்சி! என் பூரணம் உட்கார வேண்டிய இலையில் யாரோ ஒரு கணக்கு டீச்சர் கதையின் அம்மா வந்து உட்காரப் போகிறாள். இவரிடம் சொன்னேன்.

"கேஸ் போடு" என்றார்.

"கேலி பண்ணாதீங்க."

"இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன். கோர்ட்டுல ஆதாரம் கேப்பான். நீ எங்க எழுதி வச்சிருக்க? காட்டு."

பேச்சை மாற்றி, மிளகாய் வற்றல் வாங்கி வரச் சொன்னேன்.

செப்டம்பர் 6

முடிவு செய்துவிட்டேன். டீச்சர் எழுதுவதற்கு முன்னால் நான் எழுதி, சிறுகதையாக ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிடுவது. முந்தியவருக்கே இலை. இரண்டு நாளில் முடித்துவிடலாம், மனதில் முழுசாக இருப்பதுதானே.

செப்டம்பர் 8

எழுதினேன். நாலு வரியில் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 9

மண்டபத்தை வர்ணித்து நீட்டினேன். ஒரு பக்கம் வந்தது. மண்டபம் நன்றாக இருக்கிறது. பூரணம் "மாப்பிள்ளை வீடு" என்று சொல்லும் இடத்தில் பட்டிமன்ற ஜோக் மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 11

மேடையில் சொல்லும்போது இடம் பார்த்து நிறுத்துவேன், சிரிப்பேன், அப்பளம் என்று சொல்லும்போது கையை விரிப்பேன். கைதட்டியது அதற்குத்தான் போலிருக்கிறது. தாளில் கை இல்லை.

இவரிடம் படித்துக் காட்டினேன்.

"அவ பொய் சொல்லுதாள்லா வடிவு?"

"ஆமா."

"காலையிலேருந்து பட்டினி கெடக்குதவளுக்குப் பொய் யோசிக்கத் தெம்பு இருக்குமா? அதுபோக, அணிந்துரையில ஒரே ஒரு சொல்லுன்னு எழுதியிருக்க. மாப்பிள்ளை வீடுன்னா ரெண்டு சொல்லுல்லா?"

எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன். அழுகை வந்தது. டீச்சர் மேல் கோபத்தில் இல்லை, இவர் மேலும் இல்லை. இத்தனை வருடமாக நான் எழுதாமல் இருந்ததற்கு வீடு, சமையல், மகள் பிரசவம், மூட்டுவலி என்று ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன். எழுதினால் நாலு வரிதான் வரும் என்று எனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதற்குப் பயந்துதான் எழுதவில்லை.

செப்டம்பர் 12

மேலே உள்ளதை இவர் கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

செப்டம்பர் 19

எழுதவில்லை. வடகம் போட்டேன். மழை வந்துவிட்டது.

அக்டோபர் 7

தபாலில் 'பந்தக்கால்' அச்சு மெய்ப்பு வந்திருக்கிறது. பால்துரை ஒரு சீட்டு வைத்திருந்தார்: "டீச்சர் கடைசி அத்தியாயம் புதுசா எழுதியிருக்காங்க. அணிந்துரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும்." அணிந்துரைக்கு ஏற்ப நாவலைச் சரிபார்க்கும் பதிப்பாளரை உலகில் வேறு எங்கும் பார்க்க முடியாது.

கடைசி அத்தியாயத்தை மட்டும் புரட்டப் போனேன். பிறகு, இந்தத் தடவையாவது என்று முதல் பக்கத்தில் இருந்து தொடங்கினேன்.

பதினொன்றரைக்கு இவர் வந்து பசிக்கிறது என்றார். கடையில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மூன்று மணிக்கு எனக்கு ஒரு தம்ளர் காப்பி வந்தது, யார் போட்டது என்று பார்க்கவில்லை.

கல்யாணம் நிற்கிறது. வேன் தெரு முக்கில் திரும்புகிறது. முன்பு அங்கேயே முடிந்த கதை இப்போது முடியவில்லை. முன்னூறு பேருக்குச் சமைத்த சாப்பாடு அண்டா அண்டாவாக இருக்கிறது. தங்கம்மை, அந்தத் தாய், மகளை அறையில் படுக்க வைத்துவிட்டு வெளியே வருகிறாள். "சாப்பாடு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டு மேளக்காரர்களைக் கூப்பிடுகிறாள், மண்டபம் கூட்டுகிறவர்களை, பந்தல்காரர்களை, எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்களை. பந்தி பந்தியாகச் சாப்பிடுகிறார்கள். கடைசிப் பந்தியில் அவள் போய் உட்காருகிறாள். பரிமாறுகிற ஆளுக்கு எதுவும் தெரியாது. கல்யாணம் நின்றதுகூட அவனுக்குத் தெரியாது, அவன் காலையில் இருந்து சமையல் கட்டில் இருந்தவன். இலையைப் போட்டுக்கொண்டே கேட்கிறான்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"பசிக்குது."

அவ்வளவுதான். அவன் சோறு வைக்கிறான். நாவல் முடிந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே யோசித்துப் பார்த்தால், அணிந்துரையில் நான் அளந்துவிட்ட அத்தனையும் இன்றைக்கு நடந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லும்தான்.

பொறாமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் சந்தோஷமும் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த இலையில் உட்கார வேண்டியவள் தங்கம்மைதான். பூரணம் அங்கே சும்மா என் கைதட்டலுக்காக உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 8

சமையல் இன்றும் இவர். ரசத்தில் புளி தூக்கல். ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 9

'பந்தக்கால்' வெளியீடு. மேடையில் எனக்குச் சால்வை. டீச்சருக்குச் சால்வை. பால்துரைக்குப் பால்துரையே ஏற்பாடு செய்த சால்வை.

நான் பேசும்போது, போதும் இந்தப் பாரம் என்று தோன்றியது. மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இந்த அணிந்துரையை எழுதும்போது நான் இந்த நாவலைப் படித்திருக்கவில்லை."

அரங்கமே சிரித்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வாழ்த்துரையில், "அம்மையாரின் நகைச்சுவையும் தன்னடக்கமும்" என்று ஐந்து நிமிடம் பேசினார். முன்வரிசையில் இருந்த இவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

டீச்சர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு மண்டபத்துப் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் கேசரி சாப்பிட்டோம். அவர்தான் ஆரம்பித்தார்.

"எனக்கு முதல் நாளே தெரியும்க்கா."

கேசரித் தட்டைப் படியில் வைத்தேன்.

"கல்யாணமே நடக்காத கதையில மகள் கல்யாணத்துப் பந்தின்னு எழுதியிருந்தீங்க. கணக்கு டீச்சர்லாக்கா நான். எந்தப் புள்ள படிக்காம வந்து, வழியை விட்டுட்டு விடையை மட்டும் எழுதியிருக்குன்னு பாத்த உடனே தெரிஞ்சிரும்."

"ரெண்டு நாள் அழுதேன்னு சொன்னியே..."

"அதுக்குத்தான் அழுதேன். எட்டு வருஷமா எழுதினதை முதல்ல படிக்கப் போறது நீங்கதான்னு நெனைச்சேன். நீங்களும் படிக்கலை."

இத்தனை வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு மெதுவாக அடித்ததில்லை.

"அப்புறம் மூணாவது நாள் பாத்தா, அந்தக் காட்சி மனசை விட்டுப் போகலை. இது அக்காவுக்கு வேண்டிய காட்சியோ, கை மாறி வந்துட்டோன்னு தோணுச்சு. அதான் ஃபோன்ல, அவ என்ன பதில் சொல்லுவான்னு கேட்டேன். நீங்க சொல்லியிருந்தா, இது உங்களதுதான்னு விட்டிருப்பேன். கண்டுபிடின்னு சொல்லிட்டீங்க. சரி, தந்துட்டாங்கன்னு எடுத்துக்கிட்டேன்."

"மன்னிச்சிரும்மா செல்வி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"நான் அன்னைக்கே கோவத்தை விட்டுட்டேன்க்கா. இல்லாட்டி இந்தக் காட்சி கிடைச்சிருக்குமா?" என்று பையைத் திறந்தார். பைக்குள் இன்னொரு பை. நான் முந்திரிக்கொத்து என்று நினைத்தேன். அதுவும் இருந்தது. அதற்கடியில் ஒரு கவர்.

"வீட்டுல போய்ப் பாருங்க. 'ஆரத்தி'க்கு அணிந்துரை. நானே எழுதுனது."

"நான் இன்னும் எழுதவே இல்லையேம்மா."

"தெரியும். நானும் படிக்கலை" என்றார் செல்வி. அப்போதுதான் சிரித்தார்.

நவம்பர் 10

செல்வியின் அணிந்துரை இரண்டே பக்கம். சுத்தமான கையெழுத்து, கரும்பலகைக் கையெழுத்து. புகழ்ச்சி எல்லாம் கஞ்சத்தனமாகத்தான் இருக்கிறது. முக்கியமான பத்தி இது:

"இருபத்திரண்டாம் அத்தியாயத்தில், வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, ஆரத்தித் தட்டோடு ஒருவர் வாசலுக்கு வருகிறார். அது யார் என்று தெரிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். யாருக்காக அந்த ஆரத்தி என்று தெரிந்ததும் மறுபடியும் போய்த் தண்ணீர் குடித்தேன்."

மூன்று தடவை படித்தேன். இவர் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"யாரு வாரா, தட்டோட?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒன் நாவல்லா."

"அவ ஒண்ணும் சொல்லாம வச்சுட்டாளே!"

"பின்ன? வாசகரின் அனுபவத்தைக் கெடுக்கலாமா?" என்று சொல்லிவிட்டு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு காய் வாங்கக் கிளம்பினார்.

பூரணமாக இருக்காது. மகளாக இருக்குமா? எல்லோரும் போன பிறகு யாருக்கு ஆரத்தி? வரவேற்கவா, வழியனுப்பவா? பகல் முழுவதும் இதுவே ஓடியது. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

நவம்பர் 11

மேசையில் தூசி இருந்தது. இருக்கட்டும்.

நவம்பர் 16

பால்துரை அழைத்தார். அந்தக் கடைசிப் பக்க வரியை ஜனவரி தாண்டியும் விட்டு வைக்கலாமா என்று கேட்டார். எடுத்துவிடச் சொன்னேன். பதறிவிட்டார். "அச்சில்னு போடாதீங்க, அவ்வளவுதான். எழுதுறப்போ அச்சில்னு போட்டா எனக்குக் கூச்சமா இருக்கு" என்றேன். "கண்காட்சிக்கு வருமாக்கா?" என்றார். வராது. ஆனால் வரும்.

நவம்பர் 23

நாலாம் அத்தியாயம் முடிந்தது. ஐந்தில் கால் வைத்திருக்கிறேன். தட்டோடு வருவது யார் என்று இன்னும் தெரியவில்லை. பூரணம் வீட்டுக்குள்ளே யாரோ மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது.

இவர் சாப்பிடக் கூப்பிடுகிறார். "மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டபடி இலை போடுகிறார், வேண்டுமென்றேதான்.

இதோ போகிறேன். பசிக்கிறது.